பெய்ருசெல் சாலையில் ஒரு நாளைக்கு 412 வண்டிகள்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் லோரியான் என் மேசையருகே வந்து நின்றாள். சுற்றுலா அலுவலகத்துக்குத் தலைவியாக வந்து ஐந்து மாதம் ஆகிறது. வயது முப்பத்தொன்று. எதையும் நின்றுகொண்டேதான் சொல்வாள். செலே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்ட ஏற்ற அமைதியான சாலைகளை வைத்து ஒரு வரைபடம் வேண்டுமாம். ஆறு வழித்தடங்கள், மே கடைசியில் அச்சு.

"நீங்கதான் புவியியல் படிச்சவங்க. எல்லாத்தையும் ஒரு தடவ நீங்களே ஓட்டிப் பாத்துடுங்களேன்" என்றாள்.

துலூஸ் பல்கலைக்கழகத்தில் நான் படித்தது ஆற்று வண்டலைப் பற்றி. நாற்பத்தெட்டு வயது முழங்காலைப் பற்றி அங்கே பாடம் எதுவும் இல்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 11, வியாழன்

வியாழன் மதியம் எனக்கு அரை நாள் விடுமுறை. சாப்பாடு நதேஜ் கடையில். எங்கள் ஊர் பெய்ருசெல்லில் இருப்பது அந்த ஒரு கடைதான். காப்பி, ரொட்டி, மளிகை, தபால்தலை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதற்குள். கட்டடம் ஊராட்சியுடையது. இன்று சாப்பிட்டது இரண்டே பேர்: நானும், மின்கம்பம் பார்க்க வந்த ஓர் ஆளும். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார், அவசர அழைப்பு.

குழந்தைகளையும் சேர்த்து ஊரில் அறுபத்தொரு பேர் இருக்கிறோம். நதேஜைத் தவிர மற்ற அறுபது பேரும் ஃபிஜாக் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டுக்குக் காரில் போய் வண்டி நிறைய வாங்கிக்கொண்டு வந்து, நதேஜ் கடையை மூடிவிடக் கூடாது என்று கவலைப்படுகிறோம். நானும் அந்த அறுபதில் ஒருத்திதான். வாரம் ஒருமுறை சாப்பிட்டுவிட்டால் என் பங்கு முடிந்தது என்று எனக்கு நினைப்பு.

நதேஜ் பருப்பும் தொத்திறைச்சியும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். குத்தகை ஜூன் 30-இல் முடிகிறது. தொடர்வதா வேண்டாமா என்று அதற்குள் மேயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ப்ரீவ் நகரத்தில் இருக்கும் அவள் தங்கை அங்கே ஒரு பள்ளிச் சமையலறையில் இவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாள்.

"தொடர்றேன்னு எழுத என்ன இருக்கு, சொல்லு. நீ ஒருத்தி சாப்பிடறதுக்கா ஒரு கடை?"

நான் சீஸை வெட்டிக்கொண்டிருந்தேன்.

வரைபடத்துக்குச் சரி சொன்ன காரணத்தை இங்கே எழுதி வைக்கிறேன், வேறெங்கும் எழுதப் போவதில்லை. ஆற்றின் இடக்கரையில் இருப்பது எங்கள் சாலை மட்டும்தான். நான்காம் வழித்தடம் அதில் வந்தால், சைக்கிள்காரர்கள் சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு நதேஜ் வாசலுக்கு வந்து சேருவார்கள். ஏற்றம் ஏறி வந்தவர்கள் அளவு பார்த்துச் சாப்பிட மாட்டார்கள்.

அவளிடம் சொல்லவில்லை. ஆசையைக் காட்டிவிட்டுப் பிறகு பிடுங்குவது கொடுமை. முதலில் எண்ணிக்கை வரட்டும்.

ஏப்ரல் 13, சனி

முதல் வழித்தடம், 31 கிலோமீட்டர். வரைபடத்தில் தட்டையாகத் தெரிகிறது. வரைபடங்களை நம்பக் கூடாது என்று முதலாண்டிலேயே சொல்லித் தந்தார்கள். பிறகு நாமே மறந்துவிடுகிறோம்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் ஓர் ஆண் வாத்து. முன்னூறு மீட்டர் துரத்தியது. "காட்சிகளுக்குப் பொருத்தமான அடைமொழி போடுங்க" என்று லோரியான் கேட்டிருக்கிறாள். அந்த முன்னூறு மீட்டரில் ஒரு காட்சியையும் நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

இன்று காலை எங்கள் பாலத்துக்குச் சற்று முன்னால் மாவட்டத்து ஆட்கள் சாலையின் குறுக்கே ரப்பர் குழாயைப் போட்டுவிட்டார்கள். சக்கரம் ஏறினால் ஓரத்துப் பெட்டியில் எண் ஏறும். ஏழு நாள் இருக்கும். நாளொன்றுக்குச் சராசரி நூறு வண்டிக்குள் இருந்தால்தான் 'அமைதியான சாலை' என்று அச்சிட அனுமதி. பத்தொன்பது வருடமாக இங்கே வாழ்கிறேன். என் கணக்கு: ஐம்பது. தபால் வண்டி, பால் வண்டி, பள்ளி வேன் எல்லாம் சேர்த்து.

குழாய் எதற்கு என்று ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விதியும் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

மூன்றாம் வழித்தடம். நதேஜ் கடைக்குப் போகவில்லை. மழை, பிறகு வெயில், பிறகு இரண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பிற்பகல் முழுவதும் கீழே சாலையில் வண்டிச் சத்தம். யாராவது இறந்துவிட்டார்களா? மாதா கோவில் மணி அடிக்கவில்லையே.

ஏப்ரல் 24, புதன்

412.

நாளொன்றுக்கு, சராசரியாக. தாளைத் திருப்பி ஊர்ப் பெயரைச் சரிபார்த்தேன். பெய்ருசெல்தான். குழந்தைகளையும், மூன்று வருடமாகப் படுக்கையிலேயே இருக்கும் மதாம் கரீலையும் சேர்த்து, தலைக்கு ஏறக்குறைய ஏழு தடவை.

லோரியான் தோளைக் குலுக்கினாள். "பாவம், நெடுஞ்சாலை மாதிரி இருக்கே. நாலாவது வழித்தடத்தை வலக்கரைக்கு மாத்திடுங்க."

ஏப்ரல் 25, வியாழன்

மணிவாரித் தாளைக் கேட்டு வாங்கினேன். சந்தேகப்படுவது என் வேலை. அதற்காகத்தான் ஐந்து வருடம் படித்தேன்.

ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஆறு வரை 540 வண்டி. ஒரே சக்கர இடைவெளியுள்ள வண்டி கீழ்நோக்கிப் போகிறது, நாற்பது வினாடியில் மேல்நோக்கி வருகிறது, மறுபடி கீழ்நோக்கி. பாலத்துக்கு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப நாற்பது வினாடி ஆகும். நானே நூறு முறை திருப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட என்னை உறுதிப்படுத்தியது வேறொன்று: ஏழு நாளும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பூஜ்யம். மோசடியானாலும் இந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிடுவார்கள்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். இன்று நான் மட்டும்தான்.

"போன வாரம் எல்லாரும் எங்க போயிட்டுப் போயிட்டு வந்தீங்க?"

நதேஜ் கோப்பை துடைத்துக்கொண்டே சிரித்தாள். "எங்கயும் போகல. பாலம் வரைக்கும் போயித் திரும்பினோம். ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி குழாய் போட்டாங்களே, முப்பத்தொம்பது வண்டிதான் ஓடுது, உங்களுக்கெல்லாம் தார் கிடையாதுன்னுட்டாங்களே. இந்தத் தடவ விடுவோமா? மேயர் வீடு வீடா வந்து சொன்னாரு. உன் வீட்டுக்கு வரலயா?"

"இல்ல."

"நீ படிச்சவ, ஏன் எதுக்குன்னு கேப்பேன்னு விட்டிருப்பாரு."

"நீயும் ஓட்டினியா?"

"இருபத்திரண்டு தடவ. ஞாயித்துக்கிழம கடையச் சாத்திட்டு ஓட்டினேன்." பெருமையாகத்தான் சொன்னாள்.

பிறகு நான் சொன்னேன். குழாய் எதற்கு, யார் கேட்டது, நூறு என்ற எல்லை, நான்காம் வழித்தடம், எல்லாம். ஆற்று வண்டலைப் பற்றிச் சொல்வதுபோல வரிசையாக. கோப்பையை வைத்துவிட்டாள்.

"எத்தன பேரு வந்திருப்பாங்க?"

"தெரியாது."

"குத்துமதிப்பா சொல்லேன்."

"கோடைல நாளைக்கு முப்பது பேர் இருக்கலாம்."



"ஏண்டி எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

நீ ஏமாறக் கூடாது என்றுதான். அதைக்கூடச் சொல்ல வரவில்லை எனக்கு. பில்லைக் கேட்டேன். பில்லையா கேட்பேன் அப்போது?

ஏப்ரல் 26, வெள்ளி

மேயரைப் பார்த்தேன். பெயர் ஃபுல்க்ரான் தெல்க்லோ. வால்நட் தோப்பும், முப்பது வருட மேயர் பதவியும், எதற்கும் அசையாத ஒரு தொப்பியும் உண்டு. எண்ணைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நானூத்திப் பன்னெண்டா? டிராக்டர்ல டிரெய்லரை மாட்டி ஓட்டினா ஒண்ணு ரெண்டா விழுது, மதாம். நானே கண்டுபிடிச்சேன்."

நதேஜின் சங்கதியைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். இதே மனிதர்தான் கடை போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு புத்தாண்டு உரையிலும் தழுதழுப்பவர். காப்பி குடிப்பது ஃபிஜாக்கில்.

"குறைக்க வழி இல்லயா? அடுத்த வாரம் ஒருத்தரும் வண்டி எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாப் போச்சு. ஏழு எட்டுன்னு காட்டிடலாம்."

"அப்ப தாரு?"

"தாருக்கு அந்தக் காயிதம். சைக்கிளுக்கு இந்தக் காயிதம்."

பெட்டி ஒன்று, மாவட்டம் ஒன்று, தாளும் ஒன்று என்று விளக்கினேன். அந்த வாரம் நடந்ததை உள்ளபடி எழுதி மறு எண்ணிக்கை கேட்பதுதான் ஒரே வழி என்றேன். அவர் குரல் தாழ்ந்தது.

"எழுதினீங்கன்னா தாரு போயிடும். இந்த ரோட்டுல போன வருஷம் ரெண்டு பேரு விழுந்து கையை உடைச்சுக்கிட்டாங்க. யோசிச்சுச் செய்ங்க, மதாம். ஒரு கடைக்கு ஒரு ஊரா?"

அவர் சொன்னதில் தவறில்லை. நான் சொன்னதிலும் தவறில்லை. இதற்கெல்லாம் காரணம் நான் வாயைத் திறக்காமல் இருந்தது. அதை அவரும் சொல்லவில்லை, நதேஜும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கடிதம் நான்கு முறை எழுதினேன். 'ஊர்மக்கள் கூடி ஏமாற்றினார்கள்' — அடித்தேன். 'பெய்ருசெல் மக்கள் அந்த வாரம் வழக்கத்துக்கு மாறான உற்சாகத்துடன் நடமாடினார்கள்' — இதுவும் வேண்டாம், சிரிப்பார்கள். கடைசியில்: 'எண்ணிக்கை நடந்த வாரம் வழக்கமான வாரம் அல்ல, மறு எண்ணிக்கை கோருகிறேன்.' பொய் இல்லை. காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஒரு பக்கத்துக்கு வந்திருக்க வேண்டியது ஒரு வரியில் நின்றுவிட்டது.

விவாகரத்தான அந்த நவம்பரில் நதேஜ் மாதம் முழுக்க மாலையில் சூப் பாத்திரத்தை என் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எட்டு வருடம் ஆகிறது. நான் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 29, திங்கள்

அனுப்பினேன்.

மே 11, சனி

ஐந்தாம் வழித்தடம். ஓட்டவே முடியாத ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனேன். எதிரே ஓர் ஆட்டுமந்தை. ஆடுகள் என்னைச் சுற்றிப் போயின, ஓர் ஆடு மட்டும் நின்று பார்த்தது. லோரியானுக்கு எழுதிய குறிப்பு: 'அமைதி. மிக அமைதி.'

மே 16, வியாழன்

பதில் வந்துவிட்டது. மறு எண்ணிக்கைக்கு ஆட்சேபம் இல்லையாம். பெட்டி எங்கள் பள்ளத்தாக்குக்கு அடுத்து வரும் முறை இரண்டரை வருடம் கழித்து. அதுவரை 412 செல்லும். கூடவே ஒரு மகிழ்ச்சியான செய்தி: 'மேற்படி சாலையின் முக்கியத்துவத்தைக் கருதி' முழு நீளத்துக்கும் புதுத் தார் போட ஒப்புதல்.

இரண்டு பக்கமும் வாசித்தேன். மூன்றாம் பக்கம் இருக்குமோ என்று உறையைக் குலுக்கிப் பார்த்தேன்.

மதியம் நதேஜிடம் காட்டினேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் என்னையே படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ரோடு நல்லா இருக்கும், விடு. சாமான் ஏத்திட்டுப் போற வண்டி குலுங்காது."

தங்கைக்கு நேற்றே பதில் போட்டுவிட்டாளாம், செப்டம்பரில் சேரலாம் என்று. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சீஸ் நன்றாக இருக்கிறது என்றேன். சீஸ் சுமார்தான்.

மே 27, திங்கள்

வரைபடம் அச்சுக்குப் போனது. நான்காம் வழித்தடம் வலக்கரையில். பெய்ருசெல் இருக்கும் இடத்தில் திசைகாட்டி வரைந்திருக்கிறார்கள்.

ஜூன் 3, திங்கள்

பாலத்தில் தடுப்புக் கட்டை. சாலைப் பணி, ஐந்து வாரம், வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நடப்பவர்களும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் ஓரமாகப் போகலாம். மாற்றுப் பாதை மேட்டு நிலத்தைச் சுற்றி: ஃபிஜாக் போக முப்பத்துநான்கு கிலோமீட்டர் கூடுதல்.

மொத்த ஊரும் தடுப்பு முன்னால் நின்றது. தார் வேண்டும் என்று இத்தனை பாடுபட்டவர்களில் ஒருவருக்கும் தார் போட வேண்டுமானால் சாலையை மூடுவார்கள் என்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, நான் புவியியல் படித்தவள்.

மேயர் தொப்பியைக் கழற்றினார், போடவில்லை. "அவங்க பாதி பாதியா போடுவாங்கன்னு நெனச்சேன்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை.

ஜூன் 5, புதன்

அலுவலகத்துக்கு சைக்கிள், பதினான்கு கிலோமீட்டர், அதில் நான்கு தள்ளல். முதல் வளைவில் எதிரே மேயர், மகளின் பழைய சைக்கிளில். இளஞ்சிவப்பு, முன்னால் பூ வைத்த கூடை. கூடையில் ஒரு ரொட்டி. ஊரில் எல்லாரும் இப்படித்தான் போவார்கள் என்பதுபோல வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 8, சனி

கொட்டகை கொட்டகையாகச் சைக்கிள்கள் வெளியே வருகின்றன. ஒன்றின் இருக்கைக்கு அடியில் எலிக்கூடு. இன்னொன்றில் பிரேக் என்பது காலணிதான்.

ரொட்டிக்கு எல்லாரும் நதேஜ் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். கடை ஏற்றத்தின் தலையில். ஏறி வந்ததும் பேச முடியாது, உட்காருகிறார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க அரை மணி ஆகிறது. சும்மா உட்கார இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, குடிக்க ஏதாவது வேண்டும். குடித்தால் பேச்சு. பேசினால் பன்னிரண்டு மணி. பன்னிரண்டு மணிக்கு எழுந்து போவதற்கு எந்தச் சட்டமும் இடம் தராது.

ஜூன் 13, வியாழன்

மதியச் சாப்பாட்டுக்குப் பதினேழு பேர். அதில் ஏழு பேர் தார்த் தொழிலாளிகள், தினமும் வருகிறார்களாம். எனக்குக் கிடைத்த இடம் மேயருக்கும் ஒரு தூணுக்கும் நடுவில். தன் சைக்கிள் செயின் கழன்றதை அவர் எனக்கு நான்கு முறை சொன்னார். படுத்த படுக்கையாக இருக்கும் மதாம் கரீலின் மருமகள், இருபது வருடமாக ஒரு வார்த்தை பேசாத பக்கத்துத் தோட்டக்காரியிடம் பஞ்சர் ஒட்டும் பசை கேட்டாள். கொடுத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்காமல்.

நதேஜுக்கு என் பக்கம் வரவே நேரமில்லை. தட்டை வைத்துவிட்டு ஓடினாள்.

ஜூன் 20, வியாழன்

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கூட்டம் கலைந்ததும் சொன்னேன்: சாலை திறந்தால் எல்லாரும் காருக்குத் திரும்பிவிடுவார்கள், ஐந்து வாரக் கூட்டத்தை வைத்து மூன்று வருடக் குத்தகைக்கு முடிவெடுக்க முடியாது, புள்ளிவிவரக் கணக்கில் மாதிரி அளவு போதாது.

"தெரியும்டி. எனக்கும் கணக்கு போடத் தெரியும்" என்றாள். மேசை துடைத்த துணியை என் முன்னாலேயே பிழிந்தாள்.

ஏன் அதைச் சொன்னேன்? போகாதே என்று சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். வந்தது மாதிரி அளவு.

ஜூன் 23, ஞாயிறு

மறுபடி போனேன். கடை மூடியிருந்தது, பின்வாசல் வழியாக நுழைந்தேன். நாலு பேச்சுக்கு நடுவில் ஒரு வார்த்தை வருவதுபோலச் சட்டென்று சொல்லிவிட எண்ணம்.

"நீ ப்ரீவுக்குப் போனா எனக்குப் பிடிக்காது" என்றேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, "இதச் சொல்லவா இந்த வெயில்ல வந்த?" என்றாள்.

ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

குத்தகை இன்று முடிகிறது. கடைப் பக்கம் போகவில்லை. அறையைச் சுத்தம் செய்தேன். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அறையை.

ஜூலை 9, செவ்வாய்

சாலை திறந்தாயிற்று. கறுப்பாக, வழவழப்பாக, இந்தப் பள்ளத்தாக்கிலேயே இப்படியொரு சாலை இல்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்து ஏழிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினேன். இருபத்துமூன்று கார் கீழே போயின. திரும்பும்போது பின்பக்கம் சாமான் கனத்தில் தாழ்ந்திருந்தன.

நான் சொன்னதுதான் நடந்தது. அதில் ஒரு சுகமும் இல்லை.

மேயர் மட்டும் இளஞ்சிவப்புச் சைக்கிளில் மேலே போனார்.

ஜூலை 11, வியாழன்

ஒன்பது பேர். பதினேழு இல்லை, இரண்டும் இல்லை. ஆறு பேர் சைக்கிளில். தோட்டக்காரியும் மருமகளும் பசை எந்தக் கடையில் வாங்கியது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், பேச்சு வந்துவிட்டது.

நதேஜ் ஜூன் 24-ஆம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். மூன்று வருடம்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒம்போது பேரு போதாதுன்னு கணக்கு போட்டுக் காட்டுவ."

போதாதுதான். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

பன்னிரண்டரைக்கு இரண்டு டச்சுக்காரர்கள், கணவன் மனைவி, சைக்கிளில், கையில் எங்கள் அலுவலக வரைபடம். வழி தவறவில்லையாம். வலக்கரையில் குலுங்கிக்கொண்டு வரும்போது ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச் சாலையைப் பார்த்துப் பாலம் தாண்டிவிட்டார்கள். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்கள் நாளுக்கு நாலைந்து பேர் என்கிறாள் நதேஜ்.

உள்ளே இடமில்லை. வேறு கடை உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நதேஜ் அடுக்களையிலிருந்து தலையை நீட்டி, "இருக்கச் சொல்லுடி, ஆம்லெட் போடுறேன். உக்கார ஏதாச்சும் பாரு" என்றாள்.

வீட்டுக்குப் போய் மூன்று நாற்காலி கொண்டுவந்து கடை வாசலில் அடர்த்தியாக நிழல் விழும் லிண்டன் மரத்தடியில் போட்டேன். மூன்றாவதில் நான் உட்கார்ந்தேன். இந்தச் சாலை அமைதியாக இருக்குமா என்று அந்த அம்மாள் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

நாற்காலிகளைத் திருப்பி எடுத்துவரவில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறது. எழுத அது போதும்.